டியூப்லைட்டில் உபயம்

கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று கொட்டை எழுத்தில் பேர் எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்திருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். ஸாஃப்ட்வேர் உலகத்திலும் இது உண்டு.

நீங்கள் ஒரு புரோகிராம் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தானமாகத் தர நினைக்கிறீர்கள். சும்மா போட்டுவைத்தால் போதாது. எதுவும் சொல்லாவிட்டால் காப்பிரைட் உங்களுடையதுதான். விவரம் தெரிந்தவன் தொட மாட்டான். கூடவே ஒரு தானப்பத்திரம் வைக்க வேண்டும். அதுதான் லைசென்ஸ். கெடுபிடி இல்லாத தாராள லைசென்ஸ்களில் அடிக்கடி கண்ணில் படுகிறவை எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி 2.0. மூன்றையும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, வக்கீலாக இல்லாமல் வாசகனாகப் படித்துப் பார்த்தேன்.

எம்.ஐ.டி. சுமார் 170 வார்த்தைகள்தான். எடுத்துக்கொள், மாற்று, விற்றுக் காசு பார். என் பேரும் இந்தக் காகிதமும் கூடவே இருக்கட்டும். ஏதாவது ஏடாகூடமானால் என்னைக் கேட்காதே. அவ்வளவுதான். கடைசிப் பாராவை மட்டும் முழுக்க கேபிடல் எழுத்தில் கத்தியிருக்கிறார்கள். அங்கே வக்கீல் புகுந்துவிட்டார். மற்றபடி தெளிவான உரைநடை.

பி.எஸ்.டி., கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பழைய வடிவத்தில் ஒரு விநோத ஷரத்து: இந்த ஸாஃப்ட்வேரைப் பற்றி விளம்பரம் செய்தால் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லியாக வேண்டும். நியாயம்தானே என்பீர்கள். ஆனால், பின்னால் வந்தவர்கள் ஆளாளுக்குத் தங்கள் பேரைப் போட்டு அதே ஷரத்தை எழுதிக்கொண்டார்கள். 1997-ல் நெட்பி.எஸ்.டி.யில் இப்படி 75 நன்றி வாக்கியங்களை எண்ணியிருக்கிறார் ரிச்சர்ட் ஸ்டால்மன். டியூப்லைட் கதைதான். 1999-ல் பல்கலைக்கழகமே அந்த ஷரத்தை நீக்கிவிட்டது.

2004-ல் வந்த அப்பாச்சி 2.0-ஐ ஒரே மூச்சில் படிக்க முடியாது. கிரயப்பத்திரம் மாதிரி நீளம். ஆனால் மற்ற இரண்டும் பேச்சே எடுக்காத பேட்டன்ட் விஷயத்தை இது நேராகச் சொல்கிறது. எழுதித் தந்தவர், தம் பேட்டன்ட்டைக் காட்டிப் பிற்பாடு மிரட்ட முடியாது. கம்பெனிகள் கை வைக்கும் என்று தோன்றினால் இதைத்தான் சிபாரிசு செய்வேன். அழகு வேறு, பத்திரம் வேறு.

ஆனால் மூன்றிலுமே எழுதப்படாத ஒன்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டேனன்பாம், மாணவர்களுக்குப் பாடம் சொல்ல 1987-ல் மினிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். 2000-ல் அதை பி.எஸ்.டி. லைசென்ஸுக்கு மாற்றினார். இன்டெல் இன்ஜினீயர்கள் அவரிடம் சந்தேகங்கள் கேட்டார்கள்; மெமரியைக் குறைத்துத் தரமுடியுமா என்றார்கள். அப்புறம் சத்தமே இல்லை. 2017-ல் பத்திரிகைச் செய்திகளில்தான் மனுஷனுக்குத் தெரிகிறது, இன்டெல் சிப்செட்டுக்குள் ஒளிந்திருக்கும் ‘மேனேஜ்மென்ட் இன்ஜின்’ என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடுவது தன் மினிக்ஸ் என்று.

அந்த நவம்பரில் இன்டெல்லுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். காசு கேட்கவில்லை. சொல்லியாக வேண்டும் என்று லைசென்ஸில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அவ்வளவுதான். அதே கடிதத்தில், பி.எஸ்.டி.தான் அதிகபட்ச சுதந்திரம் தருகிறது என்று தன் கட்சியையும் விட்டுக்கொடுக்கவில்லை. கர்ணன்தான், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

ஆகவே, லைசென்ஸ் தேர்ந்தெடுக்குமுன் பேட்டன்ட் கிடக்கட்டும். உங்கள் சரக்கில் ஒருத்தன் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு ஒரு ‘தேங்க்ஸ்’கூடச் சொல்லாமல் போனால் ராத்திரி தூக்கம் வருமா என்று யோசியுங்கள். வராது என்றால், மாற்றி விநியோகித்தால் ஸோர்ஸையும் கொடு என்று கேட்கும் ஜி.பி.எல். இருக்கிறது. அதுவும் நன்றி வாங்கித் தராது. ஆனால் கொடுத்ததில் கொஞ்சம் திரும்பி வரும்.

நேரம் கிடைத்தால் உங்கள் செல்போனில் செட்டிங்ஸுக்குள் போய் ‘லீகல்’ என்று எங்கேயாவது இருக்கிறதா தேடிப் பாருங்கள். கட்டைவிரல் வலிக்கும்வரை தள்ளினாலும் முடியாமல் உபயதாரர்கள் பேர் வந்துகொண்டே இருக்கும். நான் பாதியில் விட்டுவிட்டேன்.