இரட்சணிய யாத்திரிகத்தில் இடுக்கணும் பற்றுறுதியும்

தமிழ்க் காப்பியத் தலைவருள் பலர் வெற்றியால் பெருமை எய்தியவர். எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தின் தலைவனோ வழிநடப்பவன், பலகாலும் இடறுபவன். சேற்றில் அழுந்துகின்றான், நெறி தவறுகின்றான், அஞ்சுகின்றான், பிறர் கைகொடுக்கக் கரையேறுகின்றான். இத்தகையானைக் காப்பியத் தலைவன் எனக் கொள்ளுதல் பொருந்துமோ என்னும் வினா அந்நூலைப் பயில்வார்க்கு எழுதல் இயல்பே. அந்நூல் துன்பத்தையும் கடவுட்பற்றையும் இயைத்துக் காணும் முறையை உணரின், இவ்வினா தானே விடைபெறும் என்பது எம் கருத்து.

நூலின் கதைப்போக்கு, ஆங்கிலப் புலவர் சான் பனியன் 1678-இல் வெளியிட்ட 'மோட்சப் பயணம்' என்னும் உரைநடை நூலைத் தழுவியது. அரசின் இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றியமைக்காகப் பனியன் 1660 முதல் 1672 வரை பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தவர். கிருட்டிணப் பிள்ளை நெல்லை நாட்டு வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1858-இல் கிறித்தவம் தழுவியவர். அவர் தம் நூலை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்து, 3,700-க்கு மேற்பட்ட பாடல்களால் ஆக்கினார். 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்த அது, 1894-இல் நூலுருப் பெற்றது.

துன்பத்தில் நிலைபெறுதல் யாருடைய செயல்? இதனை அறிய முதனூலின் மூன்று காட்சிகளை நோக்குதல் வேண்டும். ஒரு மனையில் சுவரையடுத்து நெருப்பு எரிகின்றது. ஒருவன் ஓயாது நீரைச் சொரிந்தும் அஃது அவியவில்லை. சுவரின் பின்புறம் சென்று காண்கையில், மற்றொருவன் மறைவாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கின்றான். நீர் சொரிபவன் அலகை. எண்ணெய் வார்ப்பவன் கிறித்து. முன்னின்று காண்பார்க்கு நீர் மட்டுமே புலப்படும். இடுக்கணுற்ற காலத்து மனிதன் நிற்குமிடம் சுவரின் இப்புறமே என்க.

இரண்டாவது, ஐயக்கோட்டை. கரடான வழியில் நடந்து கால் நொந்த யாத்திரிகன், அருகிருந்த மெல்லிய புல்வழியை விழைந்து, தோழனையும் உடன் அழைத்துச் செல்கின்றான். அவநம்பிக்கை என்னும் அரக்கன் இருவரையும் பற்றி இருட்சிறையில் இடுகின்றான், அடிக்கின்றான், தற்கொலையே வழி என்கின்றான். நம்பிக்கை என்னும் பெயருடைய தோழன், முன்னர்க் கடந்துவந்த இடர்களை நினைவூட்டித் தடுக்கின்றான். சனி நள்ளிரவில் தொடங்கி வைகறையளவும் இருவரும் வேண்டிய பின்னரே, வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததை யாத்திரிகன் உணர்கின்றான். புதிதாக ஒன்றும் அருளப்படவில்லை. பெற்றிருந்தது நினைவிற்கு வந்தது. எனினும் வெளிவாயிலின் இரும்புப் பூட்டு எளிதில் திறக்கவில்லை. திறவுகோல் இறைவன் தந்தது. அதனைத் திருப்பும் கை மனிதனுடையது.

மூன்றாவது, பாலமற்ற இறுதி ஆறு. யாத்திரிகன் அதில் மூழ்கித் தத்தளிக்கின்றான். தோழன் அவன் தலையை நீர்மேல் தாங்குகின்றான். பின்னர் வரும் அறியாமை என்பவனை, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் துன்பமின்றிக் கரை சேர்க்கின்றான். முன்னவனுக்கு நகர வாயில் திறக்கின்றது, பின்னவன் புறந்தள்ளப்படுகின்றான். துன்பமின்மை அருளின் அடையாளம் அன்று. துன்பம் கைவிடப்பட்டமைக்குச் சான்றும் அன்று. கதையின் உயிர்நிலை இதுவே எனலாம்.

வள்ளுவர் கூறும் இடுக்கணழியாமையோடு இதனை ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். குறள் காட்டும் சான்றோன் தன் உள்ளத்து உரத்தால் இடரை இடர்ப்படுத்துபவன். யாத்திரிகனுக்கு அவ்வுரம் இல்லை. அவன் சார்ந்து நிற்பது பிறனொருவன் சொல்லை. இவ்வகையில் அவன் வைணவரின் பிரபத்தி நெறிக்கு அணுக்கமானவன். தாயைத் தான் பற்றும் குரங்குக்குட்டியோ, தாயால் கவ்வப்படும் பூனைக்குட்டியோ சரணடைந்தார்க்கு உவமை என்பது வடகலை தென்கலையாரிடை நிகழ்ந்த வழக்கு. மறைவில் வார்க்கப்படும் எண்ணெய் பின்னதை ஒக்கும்; பூட்டோடு போராடும் கை முன்னதை ஒக்கும். முதனூல் இரண்டையும் விடாது கொள்கின்றது. வைணவச் சூழலில் வளர்ந்த நம் புலவர்க்கு இக்கதை அயலதாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம் என்று கருதுகின்றோம்.

இனி, நூலின் வடிவம். பனியனது நடை சந்தையிலும் சாலையிலும் பேசும் எளியோர் மொழி. அதனைக் கம்பர் வழிப்பட்ட விருத்தத்திற்கு மாற்றியதால் கதை பீடு பெற்றது. ஆயின் எளிய மனிதனின் அச்சம், அணிகளின் செறிவில் ஓரளவு மறைந்தது என்பதை மறுத்தற்கில்லை. இக்குறையை நிறைவு செய்வன, இடையிடையே புலவர் அமைத்த தேவாரப் பதிகங்கள். அவற்றில் கதை நிற்கின்றது. உள்ளம் இறைவனை நேரே விளித்து இரக்கின்றது. திருமுறை ஆசிரியர் தலந்தோறும் நடந்து பாடிய வடிவம், வழிநடப்போனின் கதைக்குப் பெரிதும் ஏற்றது. பனியன் உரையாடலால் விளக்கிய நம்பிக்கையைப் பிள்ளையவர்கள் வேண்டுதலாகவே கேட்கச் செய்தார். முதனூலுக்கு அவர் செய்த உண்மையான கூட்டல் இஃது எனத் துணியலாம்.

ஆகவே, யாத்திரிகனிடம் வீரப் பெருமிதத்தைத் தேடுதல் பொருந்தாது. வென்றவனைப் பாடும் காப்பியம் தமிழில் உண்டு. வீழ்ந்தும் வழியை விடாதவனைப் பாடியது இது. அவன் நிலைபேற்றின் ஊற்று அவனுள் இல்லை என்று நூல் உணர்த்துகின்றது. ஆயினும் நடக்கும் கடமையினின்றும் அவனை விடுவிக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டு நோக்குவார்க்கே அவன் தலைமை புலனாகும்.