காலநிலை மாற்றத் துயரும் கையறுநிலையும்

முன்னுரை

காலநிலை மாற்றம் உடலையும் உடைமையையும் மட்டுமன்றி உள்ளத்தையும் தாக்குகிறது என்பதனைக் காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. பன்னாட்டு அரசுக் குழுவின் 2022ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைக்கிறது. இச்சிக்கலைத் தமிழ்த் திறனாய்வு எதிர்கொள்ளுங்கால், முதற்பொருளும் உரிப்பொருளும் இயைந்தவை என்னும் திணைக்கோட்பாட்டைச் சுட்டி, முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என முடிப்பது வழக்கமாகிவிட்டது. இம்முடிபு பொருந்துமா என ஆராய்வதும், இத்துயருக்கு நெருங்கிய இலக்கிய வடிவம் யாதெனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவத்தின் மீதான உறுதி

குறுந்தொகை 66ஆம் பாடலில், காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார்ப்பருவமென மயங்கிக் கொன்றை பூத்தது எனக் கூறித் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். 21ஆம் பாடலில் தலைவியே, காடு கார்காலக் கோலம் பூண்டு நிற்பினும் அதனை ஏற்க மறுத்துத் தலைவனின் வாய்மையை நம்புகிறாள். இரு பாடல்களிலும் பருவம் ஐயத்திற்கு உள்ளாகிறது. எனினும், உண்மையான கார் தவறாது வரும் என்னும் உறுதியின் மேல்தான் அவ்வையம் எழுகிறது. அவ்வுறுதி இல்லையேல் முல்லைக்குரிய இருத்தல் இல்லை. சிலப்பதிகாரம் சுட்டும் பாலையும் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்த நிலையே. மழை பெய்யின் அது மீளத்தக்கது.

இன்றைய துயர் இதனின் வேறானது. ஆஸ்திரேலிய மெய்யியலாளர் கிளென் ஆல்பிரெக்ட், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹன்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் சிதைவுற்ற மக்களின் மனநிலையைக் குறிக்கச் 'சோலஸ்டால்ஜியா' என்னும் சொல்லை உருவாக்கினார். வாழிடத்தை விட்டு நீங்காமலேயே அதனை இழந்து வருந்தும் நிலை இது. முல்லையில் பிரிந்தவர் தலைவர், நிலம் உடனிருக்கிறது. இங்கோ பிரிந்தது நிலமே. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

கையறுநிலை

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் பெருந்தொகையான தென்னைகளைச் சாய்த்தது. ஒரு புயலை முழுதும் காலநிலை மாற்றத்தின் விளைவு எனல் இயலாது. ஆயினும் கடல் வெப்பம் உயர்தல் கடும்புயல்களுக்கு வலுச்சேர்க்கும் என்பர் அறிவியலார். தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என வழங்குவது தமிழ் மரபு. பிள்ளையென வளர்த்ததை இழந்தவரின் துயரை இழப்பீட்டுக் கணக்கால் மட்டும் அளத்தல் கூடாது என்பதை அச்சொல்லே உணர்த்தும்.

இத்துயருக்கு நெருங்கியது புறத்திணையின் கையறுநிலை என்பது இக்கட்டுரையின் கருத்து. புறநானூறு 112இல் பாரி மகளிர், சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்புநோக்கிப் புலம்புகின்றனர். நிலவு மாறவில்லை, குன்றும் அழியவில்லை, ஆயினும் அது அவர்தம் குன்று அன்று. கண்முன் நிற்பதை இழத்தல் என்னும் இந்நிலையே இன்றைய துயரின் உட்கூறும் ஆகும்.

வேறுபாடு ஒன்றும் உண்டு. பறம்பை வென்றவர் முரசுடை வேந்தர் என்பதை அப்பாடல் வெளிப்படையாகவே கூறுகிறது. காலநிலை மாற்றத்தில் இழப்பிற்குக் காரணமானோர் துயருறுவோரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காரணம் புலனாகாத இழப்பு பழியைத் தன்மேலேயே சுமத்திக்கொள்ளத் தூண்டும். தனியொருவரின் மனநோயாக மட்டும் இத்துயரைக் காணும் பார்வை அப்பழியை மேலும் உறுதிப்படுத்தும்.

முடிவுரை

திணைக்கோட்பாடு காலநிலை மாற்றத்தை முன்னறிந்தது எனப் பெருமை கொள்வதால் பயனில்லை. பருவம் மீளும் என்னும் உறுதி குலையுங்கால் உள்ளம் எத்துணை நிலைகுலையும் என்பதை அளந்தறிய அது உதவும், அவ்வளவே. கையறுநிலையோ துயரைப் பலரறியக் கூறும் வடிவம். மருத்துவம் தேவைப்படுவோர்க்கு மருத்துவமே வேண்டும், ஐயமில்லை. ஆனால் அத்துயரைப் பொதுவில் கூறவும், இழப்பிற்குக் காரணமானோரைச் சுட்டவும் மொழி வேண்டும். அம்மொழியை மரபிலிருந்து மீட்டுத் தருதல் தமிழ்த் திறனாய்வின் கடமையாகும்.