ஜோடி இல்லாத பெட்டி

அப்பாவிடம் நாற்பது சொச்சம் இசைத்தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஏழு அங்குல ஈ.பி., அறுபதுகளின் திரைப்பாடல்கள், ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் மோனோ. கூலாய் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தவரை போட்டுக் கேட்டார். தாமானுக்கு வீடு மாறியதில் பிளேயர் எங்கேயோ போய்விட்டது. போன வருஷம் நான் ஒரு பிளேயர் வாங்கினேன். அதற்கு எந்தப் பழைய ஸ்பீக்கரை வைப்பது என்று முடிவெடுக்கத்தான் எட்டு மாசம் ஆனது.

அந்த எட்டு மாசமும் நிறைய விமர்சனங்கள் படித்தேன். எல்லாரும் ஜாஸ் அல்லது ராக் போட்டுத்தான் பெட்டியை எடை போடுகிறார்கள். பி. சுசீலாவைப் போட்டுப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. அதனால் நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். ‘கொஞ்சும் சலங்கை’ (1962). காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே போகும் இடம். எது சீவாளி, எது தொண்டை என்று பிரித்துக் காட்டாத ஸ்பீக்கர் எனக்கு வேண்டாம்.

முதலில் நண்பன் வீட்டு யமஹா என்எஸ்-10எம். வெள்ளைக் கூம்புக்காரன். 1978-இல் வீடுகளுக்காக விற்பனைக்கு வந்து, அங்கே எடுபடாமல், ஸ்டுடியோக்களில் போய் ராஜாவானது. அதன் குத்தல் தாங்காமல் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிய கதை பிரபலம். கேட்டேன். பாட்டு தெரியவில்லை, தட்டில் இருந்த கீறல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அது பிழைதிருத்துபவரின் ஸ்பீக்கர். பிழைதிருத்துபவரிடம் கவிதை கேட்கப் போனது என் தப்பு.

அடுத்தது ஜேபிஎல் எல்100. 1970-இல் வந்தது, 12 அங்குல வூஃபர். பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் தாமான் வீட்டின் பத்தடி அறையில் அதன் பாஸ் சுவரை முட்டுகிறது. எங்கள் தட்டுகளில் அவ்வளவு கீழே இசையே கிடையாது. வூஃபருக்குக் கிடைத்ததெல்லாம் பிளேயர் மோட்டாரின் உறுமல்தான்.

எல்எஸ்3/5ஏ வேறு ஜாதி. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எழுபதுகளில் வடிவமைத்தது. உயரம் ஓர் அடி, உள்ளே கெஃப் நிறுவனத்தின் இரண்டு டிரைவர்கள். உரிமம் வாங்கி ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்றவர்கள் தயாரித்தார்கள். குரல் குரலாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் கடமை. நம் ஊருக்கும் ஏற்றது. எழுபது, எண்பதுகளின் பல ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை விளிம்பு இங்கே உள்ள ஈரத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும், மரத்தூள் பலகை ஊதிவிடும். இதில் விளிம்பு ரப்பர், பெட்டி பிர்ச் பிளைவுட்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘அந்தக் கால ஒலியின் கதகதப்பு’ என்று நம்மவர்கள் உருகி எழுதுகிறார்களே, அதில் பாதி மின்தேக்கி காய்ந்துபோன கோளாறு. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிக்கு வயசாகும்போது ட்வீட்டர் மங்கும். மங்கலை நாம் கனிவு என்கிறோம். இந்தப் பிபிசி பெட்டியின் கதகதப்பில்கூட ஒரு பங்கு, 125 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் சின்ன மேட்டிலிருந்து வருகிறது. தெரிந்துகொண்டே ரசிக்கலாம், தப்பில்லை. பழசு என்பதாலேயே உண்மை என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அப்படியென்றால் எது உண்மை? அப்பாவைக் கேட்டால் கோயில் குழாய் என்பார். திருவிழாவுக்குப் பால்மரத்தில் கட்டும் ஹார்ன் ஸ்பீக்கர். அதில் பாஸே கிடையாது. ஆனால் திறன் பயங்கரம். எல்எஸ்3/5ஏ ஒரு வாட்டுக்கு 82, 83 டெசிபல்தான் தரும். குழாய் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சத்தத்தை என் பெட்டியில் கொண்டுவர ஐம்பது மடங்குக்கும் மேல் பவர் வேண்டும், அதற்குள் அது செத்துவிடும். அந்தப் பாடல்கள் தியேட்டர், ரேடியோ, குழாய் என்று மூன்று வகையாகவும் ஒலித்தவை. இதுதான் அசல் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ‘அசலுக்கு விசுவாசம்’ என்ற அளவுகோலை நான் அங்கேயே விட்டுவிட்டேன். பாடுகிறவர் அறைக்குள் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தேன்.

ஜோடி எல்எஸ்3/5ஏ என் சம்பளத்துக்குக் கட்டாது. ஆனால் இவை பொருத்திப் பார்த்து ஜோடியாக விற்கப்பட்டவை, அதனால் துணையை இழந்த ஒற்றைப் பெட்டியை யாரும் சீந்துவதில்லை. எனக்கு ஒன்று போதுமே! மோனோ தட்டின் பள்ளம் பக்கவாட்டில் மட்டும்தான் அசையும். இரண்டு சேனலையும் சேர்த்துவிட்டால் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் தானாகவே அடிபட்டுப்போகும். சிங்கப்பூரிலிருந்து ஒற்றை ரோஜர்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, அலமாரியில் வைக்காமல் ஸ்டாண்டில், காது உயரத்தில் வைத்தேன்.

அப்பா ரெண்டு பாட்டு பேசாமல் கேட்டார். “குழாய்ல கேட்ட மாதிரி இல்லப்பா” என்றார். மூன்றாவதில், “ஆனா டி.எம்.எஸ். மூச்சு வாங்குறது இப்பதான் கேக்குது.”

பிறகு ‘பிரியா’ தட்டை நீட்டினார். 1978, பாதிப் படம் பாலத்துக்கு அந்தப்பக்கம் சிங்கப்பூரில் எடுத்தது. தமிழில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒற்றைப் பெட்டியில் எல்லாம் கேட்கிறது, ஆனால் இளையராஜா இடமும் வலமுமாகப் பிரித்து வைத்தது எல்லாம் நடுவில் வந்து குவிந்து நிற்கிறது. அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நான்தான் இன்னொரு ஒற்றைக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.