துவர்ப்பு

நாசிக்குக்குப் போய்த் திராட்சை மதுவை ருசி பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் சொன்னது நூம்பலில் என் வீட்டுக்கு வருகிற இலக்கிய நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. "இந்த வயசில் இதெல்லாம் எதற்கு ஸார்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம்மூரில் மது என்றால் நினைவுக்கு வருவது டாஸ்மாக் கடை வாசல்தான். அதனால் நொடித்துப்போன வீடுகள் என் தெருவிலேயே உண்டு. குடிக்கு வக்காலத்து வாங்க இதை நான் எழுதவில்லை. நாலு மிடறு மதுவினால் விமர்சனத்தைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கங்காபூர் அணைப் பக்கத்தில் ஒரு தோட்டம். நான் போனது பிப்ரவரி, அறுவடைக் காலம். கோப்பையைச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், ஒரு மிடறை நாவிலே நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் சொல்லித் தந்தார். கையில் ஓர் அச்சடித்த தாள். செர்ரி, பிளாக்கரண்ட், பதனிட்ட தோல், ஓக் மரம் என்று அதிலே வாசனைகளின் ஜாபிதா. எது தெரிகிறதோ அதற்கு நேரே குறி போட வேண்டும். பிளாக்கரண்ட் பழத்தை நான் ஜன்மத்தில் பார்த்தவன் அல்ல. ஆனாலும் பக்கத்தில் இருந்தவர் குறி போட்டார், நானும் போட்டேன்.

பிறகு கொடிகளுக்கு நடுவே அழைத்துப் போனார்கள். அங்கே வேலை செய்கிற பெரியவர் ஒரு கறுப்புத் திராட்சையைப் பறித்துத் தந்து, தோலை மட்டும் மென்று பார்க்கச் சொன்னார். மென்றேன். நாக்கு இழுத்துக்கொண்டது. சின்ன வயசில் பாட்டி நாக்கில் தடவிய கடுக்காய், மரத்தடியில் பொறுக்கித் தின்ற நாவல்பழம் எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தன. துவர்ப்பு! திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. தோலோடும் விதையோடும் ஊறவிட்டால்தான் அதற்குச் சிவப்பும் துவர்ப்பும் ஏறுகின்றன. தோலை நீக்கிவிட்டால் வெள்ளை மது. இந்தத் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வைத்த பாஷை நம்முடையது. அதை விட்டுவிட்டு நான் பிளாக்கரண்டுக்குக் குறி போட்டிருக்கிறேன்.

இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் அல்ல என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 2001-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பிரான்ஸில் போர்தோ நகரத்தில் பிரெடெரிக் புரோஷே என்பவர், மது சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை மதுவில் ருசியற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார். அவர்கள் சிவப்பு மதுவுக்கு உரிய வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். கண் சொன்னதை நாக்கு ஒப்புக்கொண்டுவிட்டது.

நம் பழைய கவி இப்படி ஏமாறவில்லை. புறநானூற்றின் 56-ம் பாட்டில், யவனர் கொண்டுவந்த தேறலைப் பருகிக் களித்திருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அந்த யவன ஜாடிகளின் துண்டுகள் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்தன. கடல் கடந்து வந்த சரக்கு. ஆனால் நக்கீரர் சொல்வது அதன் குளிர்ச்சியையும் மணத்தையும்தான். தம் நாவும் மூக்கும் அறிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மூன்று வருஷங்களுக்கு முன் ஆவடியிலிருந்து ஓர் இளைஞர் தம் நாவலின் ஜெராக்ஸ் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்ட ஒரு குடும்பத்தின் கதை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே திராட்சைதான். வருஷம் முழுவதும் காய்க்கும். ஆகவே கடனும் வருஷம் முழுவதும் காய்க்கும் என்பது கதை. 'மண் வாசனை இருக்கிறது; பாத்திர வளர்ச்சி போதாது; உருவ அமைதி கூடவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

நாசிக்கிலிருந்து திரும்பிய வாரம் அதை மறுபடி படித்தேன். நான் எழுதிக் கொடுத்ததும் அந்த அச்சடித்த தாள்தான். உண்மை வேறு. முக்கால்வாசி நாவல் நல்ல துவர்ப்பு. லாரியில் ஏறும் பெட்டிகளைத் தாய் எண்ணுகிற இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. படிக்கிற நமக்குத்தான் நாக்கு வறள்கிறது. கடைசி அத்தியாயத்தில் மகளுக்கு நல்ல வரன் அமைந்து கடனும் தீர்கிறது. தோலை நீக்கிச் சர்க்கரையைக் கொட்டிவிட்டார். நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: தம்பி, அந்த ஓர் அத்தியாயத்தை எடுத்துவிடு.

டெலிபோன் செய்தேன். "நான் எழுதறதை விட்டுட்டேன் ஸார். கையெழுத்துப் பிரதியை எடைக்குப் போட்டாச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜெராக்ஸ் பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி வழியாக ஆவடிக்குப் போகிறேன். அவர் வாங்கிக்கொள்வாரா என்று தெரியாது. ஓரத்தில் பென்சிலால் நான் எழுதியிருந்த வார்த்தைகளை மட்டும் அழித்து வைத்திருக்கிறேன்.