கோணலாக இருக்கட்டும்

எல்.கே.ஜி. பிள்ளைக்கு ‘ப்ராஜெக்ட்’ கொடுப்பது இப்போது நகரத்துப் பழக்கம் மட்டும் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் சாணார்பட்டி, கோபால்பட்டி வரைக்கும் பள்ளி வேன் வருகிறது. வேனோடு ப்ராஜெக்டும் வந்து இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு கடை சாத்துகிற நேரத்தில் தெர்மாகோல் அட்டை, சார்ட், ஜிகினாத் தூள் வாங்க ஓடுவது அப்பா. வெட்டி ஒட்டுவது அம்மா. உரிய மாணவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். மறுநாள் அவர் தூக்கிக்கொண்டு போகும் குடிசையும் கிணறும் வகுப்பில் கைத்தட்டல் வாங்கும். அந்தக் கைத்தட்டலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது நான்கு வயதிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வீட்டில் கிடைப்பதை வைத்து ஏதாவது செய்வது நல்லது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் அந்த நன்மை செய்து முடித்த பொருளில் இருப்பதாக நினைத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

ஓலைக் காத்தாடியை எடுத்துக்கொள்வோம். தென்னங்கீற்றிலிருந்து ஒரு ஓலையை உருவி, ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, மீதியைத் துண்டுகளாக்கி ஒன்றுக்குள் ஒன்று சொருகி இறுக்கினால் இறக்கை. நடுவில் ஒரு கருவேல முள்ளைக் குத்தி, அந்த முள்ளைக் குச்சியில் செருகிக்கொண்டு ஓடினால் சுற்றும். இதில் நான்கு வயதுப் பிள்ளையால் முடிவது என்ன? ஓலையைக் கிழிக்கலாம். மடித்த இடத்தை விரலால் நீவலாம். இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடித்துக்கொள்ளலாம். சொருகுவதும் முள் குத்துவதும் பெரியவர் வேலை. அதாவது பாதி வேலை பிள்ளையுடையது. அது மெய்யாகவே வேண்டிய பாதி: பிடித்த கையை விட்டால் இறக்கை அவிழ்ந்துவிடும். தான் இல்லாமல் இது நடக்காது என்ற உணர்வை எந்தத் தெர்மாகோல் குடிசையும் கொடுக்காது. இன்னொன்று, காத்தாடி சரியாக வந்ததா இல்லையா என்று சொல்ல மிஸ் வேண்டாம். ஓடிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுற்றவில்லையென்றால் முள் இறுகிவிட்டது, கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

பூவரச இலைப் பீப்பி இதைவிட எளிது. இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊத வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் வாடிப்போய்ச் சத்தம் நின்றுவிடும். அதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. வாடினால் இன்னொரு இலை பறிக்கலாம். இரண்டாவது முறை பிள்ளையே சுருட்டும், கோணலாகத்தான் சுருட்டும், சத்தம் வராது, மூன்றாவது இலைக்குக் கை போகும். பாதுகாத்து வைக்க வேண்டிய பொருளிடம் இந்தத் துணிச்சல் வராது. ஷோகேஸில் ஏறும் பொருளைச் செய்யும்போது பெரியவருக்குத்தான் கை பதறுகிறது. உடனே ‘நீ விடு, நான் செஞ்சு தர்றேன்’ என்று வாங்கிக்கொள்கிறார்.

பிள்ளையின் கைவேலையிடம் பலன் கேட்கும் வழக்கத்துக்கு நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே பெரிய வரலாறு இருக்கிறது. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் மையத்தில் நிறுத்தியது. நூற்பின் வழியாகக் கணக்கும் புவியியலும் கற்கலாம் என்ற அந்த எண்ணம் இன்றைக்கும் துணிச்சலானதுதான். டாக்டர் சௌந்தரம் 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் வந்தது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்துக்கு வழி செய்யலாம் என்றும் காந்தி எதிர்பார்த்தார். வகுப்பறை பட்டறையாகிவிடும் என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது, நியாயமாகவே எழுந்தது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் இன்னும் ஒரு படி போனது. தொடக்கப் பள்ளியில் அரை நாள் படிப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பது. ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் ‘அப்பாவோடு சேர்ந்து கைவேலை’ என்று சொன்னால் அதன் பின்னால் இந்த நிழல் விழத்தான் செய்யும். விழட்டும். யாருடைய அப்பா, என்ன வேலை என்று கேட்காமல் கைவேலையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் கைவேலை செய்து பிழைக்காதவர்கள்.

சாணார்பட்டிப் பக்கம் புளி சீசனில் இந்தக் கேள்வி வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. புளியை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுப்பது வீட்டில் இருந்தபடியே செய்யும் கூலி வேலை. அம்மா தட்டும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதுவும் இரண்டு பழம் உடைக்கும். இது விளையாட்டா, வேலையா? 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்கூட, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சட்டம் கோடு போடாத இடத்தில் வீடுதான் போட வேண்டும். என் கணக்கு இது: பிள்ளை எழுந்து போனால் அன்றைய வருமானம் குறையும் என்றால் அது வேலை.

அதே புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயம் உருட்டலாம். தேய்க்கத் தேய்க்கச் சூடேறும், விரல் வலிக்கும், கறுப்புத் தோல் போய் மெதுவாக வெள்ளை எட்டிப் பார்க்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொறுமையைச் சொல்லித்தர இதைவிட மலிவான பொருள் எனக்குத் தெரியாது. எத்தனை வெள்ளை விழுந்தது என்று எண்ணும்போது கணக்கும் வந்துவிடுகிறது. நத்தம் பக்கம் ரெடிமேட் சட்டை தைக்கும் வீடுகளில் மிஞ்சும் வெட்டுத்துணியும் இப்படித்தான். பழைய சாக்ஸுக்குள் அடைத்து முடிச்சுப் போட்டால் பந்து.

‘வீட்டுக் குப்பையிலிருந்து கலை’ என்று வரும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பேப்பர் கப்பில் பூ, ஸ்ட்ராவில் மாலை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. வீட்டில் குப்பையாகக் கிடக்காத ஒன்றை, பூ செய்வதற்கென்றே புதிதாகப் பாக்கெட் வாங்கி, பிறகு குப்பையாக்குகிறோம். இதற்கு எதிர்நிலையில் அரவிந்த் குப்தா இருக்கிறார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுத்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய பொம்மைகளின் அழகே உடைத்துப் பார்த்து மறுபடி செய்யலாம் என்பதுதான். ஆனால் அவை பள்ளி செல்லும் வயதுக்கானவை. துண்டு துண்டான வால்வு டியூபை மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் அது நேராக வாய்க்குப் போகும்.

பழைய பொருள் என்றால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிடித்துப் பிள்ளையார் செய்வது பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்து செய்ய அருமையான வேலை. ஆனால் கண்ணுக்கு வைக்கும் குன்றிமணி கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றலாம், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மிளகு வைத்தாலும் பிள்ளையார் பார்ப்பார். புளியங்கொட்டையில் நஞ்சில்லை என்றாலும் மூக்குத் துவாரத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்கக் கலக்கும் துத்தம் மட்டும் அதில் சேரக் கூடாது. ஃபெவிகுவிக் வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது, அதற்கு ஓலையும் களிமண்ணும் பதிலாகாது. நேரம். மில்லில் ஷிப்ட் முடித்து வரும் அம்மாவிடம் ‘பிள்ளையோடு தினமும் அரை மணி நேரம் கைவேலை செய்யுங்கள்’ என்று சொல்வது யோசனை அல்ல, இன்னொரு வேலை. இந்த யோசனையைச் சொல்லும் கட்டுரைகள் ‘பெற்றோர்’ என்று எழுதினாலும் மனதில் வைத்திருப்பது அம்மாவைத்தான். அப்பாவின் பங்கு கடைக்குப் போய் வருவதோடு முடிந்துவிடுகிறது. தோட்டத்தில் கீற்று வெட்டிப் போடுகிறவர் பல வீடுகளில் அவர்தான். ஓலையை உருவி மடிக்க அவருடைய கைக்குத் தெரியும். சப்பாத்தி உருட்டும்போது ஒரு உருண்டை மாவைக் கிள்ளிக் கொடுப்பதும் கைவேலைதான், அதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். பாம்பு, தட்டு, மறுபடி உருண்டை. அழுக்கான அந்த மாவைக் கடைசியில் கோழிக்குப் போட்டுவிடலாம்.

பள்ளிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதற்கும் கீழே இருக்கும் எல்.கே.ஜி. பிள்ளைக்கு ப்ராஜெக்ட் மட்டும் எப்படிப் போகிறது? எழுத்து வேலை இல்லை, அதனால் அது வீட்டுப்பாடம் ஆகாது என்பது பள்ளிகளின் சாமர்த்தியம். செய்து முடித்த பொருளைக் கேட்காமல், நாலு புளியங்கொட்டை, ஒரு ஓலை, கொஞ்சம் வெட்டுத்துணி கொண்டு வா என்று சொல்லி அனுப்பி, வகுப்பிலேயே உட்காரவைத்துச் செய்யச் சொல்லலாம். வருகிற பொருட்கள் பார்க்க நன்றாக இருக்காது. ஆண்டு விழா மேஜையில் வைக்கவும் முடியாது. பெற்றோர்கள் வந்து, பக்கத்துப் பள்ளியில் தாஜ்மகால் செய்கிறார்களே என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிற தலைமை ஆசிரியர்தான் முதலில் வேண்டும்.