ஈறும் இரைப்பும்

சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காரரிடம், ‘பல் டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்’ என்று சொல்லும் வழக்கத்தில் தவறில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் இடிக்கிறது. ஈறு சரியானால் மூச்சும் சரியாகும் என்ற நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஈறு நோய் உள்ளவர்களிடம் இந்த நுரையீரல் நோய் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவே பீடி நிற்கிறது. புகை இரண்டையும் கெடுக்கும். அதோடு ஈற்றின் ரத்தக் குழாய்களையும் நிகோடின் சுருக்கிவிடுவதால், புகைப்பவருக்குப் பல் துலக்கும்போது ரத்தம்கூட அதிகம் வராது. பல் ஆடத் தொடங்கிய பிறகே விஷயம் தெரியும். அமெரிக்கத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து 2004இல் வந்த ஓர் ஆய்வில், அப்போதும் புகைத்துக்கொண்டிருந்தவர்களிடம் மட்டுமே இந்தத் தொடர்பு தெரிந்தது.

அதற்காக எல்லாமே புகையின் வேலை என்று தள்ளிவிடவும் முடியாது. தூக்கத்தில் பலருக்கும் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கத்தான் செய்யும். காரை படிந்த வாயென்றால் கிருமிகளும் சேர்ந்தே இறங்கும். அவற்றை வெளியே தள்ளும் நுண்ணிழைகள் கெட்டுப்போன நுரையீரலுக்கு அது பெரிய சுமை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஜப்பானின் 11 முதியோர் இல்லங்களில் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டுகளில் நிமோனியா வந்தது. ஆனால் அது நிமோனியா, சி.ஓ.பி.டி. அல்ல. சி.ஓ.பி.டி.க்கென்றே பெய்ஜிங்கில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு முடிவில் நோய் திடீரெனத் தீவிரமாவது குறைந்திருந்தது. கலந்துகொண்டவர்கள் வெறும் 60 பேர். நம்பிக்கை வைக்கலாம், வாக்குறுதி கொடுக்க முடியாது.

எதிர்த்திசையில் நடப்பதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. நுரையீரலுக்கான மருந்தே வாயைக் கெடுக்கிறது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவருக்கு நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். டையோட்ரோப்பியம் போன்ற இன்ஹேலர் மருந்துகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் பல்லுக்குக் காவல் குறையும். பல் டாக்டரிடம் அனுப்ப இந்த ஒரு காரணமே போதும். சுவாசம் சீராகும் என்ற ஆசை காட்டத் தேவையில்லை. ஆசை காட்டினால், பல்லைச் சுத்தம் செய்தாயிற்று என்ற தெம்பில் பீடியைத் தொடர்வார்.

அனுப்பும் விதத்திலும் ஒரு குறை. மல்லாந்து படுத்தாலே திணறுகிறவரைப் பல் நாற்காலியில் முழுக்கச் சாய்த்து, காரை எடுக்கும் கருவியின் தண்ணீர் தொண்டையில் தேங்கும்படி வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னால், பாதியில் எழுந்துவிடுவார். அடுத்த முறை வரவும் மாட்டார். அரைவாசி நிமிர்த்தி உட்காரவைத்து, இடைவெளி விட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. அனுப்பும் நெஞ்சு நோய் மருத்துவர் சீட்டில் அதையும் எழுதிவிடலாம், ஒரு வரிதான்.