வைகாசிக்குள் தைக்க வேண்டியவை

கொலு பார்க்கப் போனால் ஒரு ரவிக்கைத்துண்டு, வளைகாப்புக்குப் போனால் இன்னொன்று, கிரகப்பிரவேச வீட்டிலிருந்து மூன்றாவது. வெற்றிலைபாக்கோடு வந்ததில் பாதி, அடுத்த நவராத்திரியில் வேறொரு தட்டில் ஏறி ஊர்சுற்றப் போய்விடும். (கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பிப் போவதும் உண்டு, யாரும் காட்டிக்கொள்வதில்லை.) மீதிதான் ஆழ்வார்திருநகரியில் தையல் மெஷின் உள்ள வீடுகளின் கையிருப்பு.

அதை அடுக்கும் விதத்திலேயே தைப்பவரின் தரம் தெரிந்துவிடும். நிறவாரியாக அடுக்கிய அலமாரி கண்ணுக்கு அழகு, வேலைக்கு உதவாது. பத்துப் பச்சைத் துண்டுகளில் எது 80 சென்டிமீட்டர், எது 1 மீட்டர், எது நனைத்தது என்று ஒவ்வொன்றாய் விரித்துப் பார்க்க வேண்டும். தேர்ந்த கை, பருத்தித் துண்டு வந்த அன்றே அதை வாளியில் முக்கிவிடும். கஞ்சி கழன்று, சுருங்க வேண்டியது சுருங்கி, சாயம் நிற்குமா என்பதும் தெரிந்த பிறகே இஸ்திரி. அப்புறம் ஒரு சீட்டு: நீளம், அகலம், யாருக்கு, எந்தப் புடவைக்கு. சீட்டைக் குண்டூசியால் குத்தினால் தாமிரபரணிக் கரை ஈரத்தில் துருவேறித் துணியில் கறை விழும். நூலால் ஒரு தளர்தையல் போட்டால் போதும். லைனிங்கும் கொக்கிகளும் நூல்கண்டும் உள்ளே வைத்துச் சுருட்டிவிட்டால், வெட்ட உட்காரும்போது எழுந்து தேட வேண்டாம்.

சுருட்டியதை வைக்க ஓலைப்பெட்டியே மேல். காற்றோட்டம் உண்டு. மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் அரைகுறையாய் உலர்ந்த துணி முடைநாற்றம் எடுக்கும்.

நூல்கண்டுக்கும் இந்த ஆற்றுக்கும் பழைய உறவு. தாமிரபரணியின் விசையை நம்பித்தான் ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் நூற்பாலை கட்டினார்கள். 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில். பின்னாளில் மதுரா மில்ஸ் ஆன அவர்களுடைய நிறுவனம், 1974இல் தையல்நூலுக்குப் பேர்போன கோட்ஸுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது.

வெட்டுமுன் திட்டமிடுவதற்கு நல்ல பாடம் இடையன்குடியில் இருக்கிறது. மிஷனரி எலிசா கால்டுவெல் அங்குள்ள பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை ரேந்தையில் கோலத்தை முதலில் தாளில் துளையிட்டு, துளைதோறும் ஊசி குத்திய பிறகே நூல் நகரும். ரவிக்கைக்கும் அந்தப் பொறுமை வேண்டும். அளவு ரவிக்கையை வைத்துத் தாளில் வெட்டிப் பார்த்தால், கைக்குத் துணி போதாது என்பது கத்தரி படுமுன்பே தெரியும். மிஞ்சிய துண்டுகள் தனிப் பையில் சேரட்டும். உள்ளங்கை அகலம் இருந்தால் சுருக்குப்பை. அதற்கும் குறைந்ததை மெஷின் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊரில் கெடு வைப்பது டெய்லர் அல்ல, பெருமாள். வைகாசி உற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவு, நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது கருட வாகனங்களில் நம்மாழ்வாருக்குக் காட்சி தருவார்கள். அன்றைக்குப் புது ரவிக்கை வேண்டுமென்றால், சித்திரை பிறந்ததும் துண்டை நனைத்துவிடுங்கள்.